கைவினைஞரும் இணைய விற்பனைப் பயிற்சியும்

தஞ்சாவூர் ஓவியமும் தலையாட்டிப் பொம்மையும், சுவாமிமலை வெண்கலப் படிமமும், பத்தமடைக் கோரைப் பாயும், மாமல்லபுரத்துக் கற்சிற்பமும் நம் மாநிலத்துக்குப் பெருமை தேடித் தந்துள்ள கைவினைகளாகும். இவற்றைச் செய்யும் குடும்பங்களில் பல இன்றும் கிராமங்களிலும் சிற்றூர்களிலுமே வாழ்ந்து வருகின்றன. பொருளைச் செய்வது எப்படி என்று இவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. செய்த பொருளைத் தக்க விலைக்கு விற்பது எப்படி என்பதே இவர்களுடைய நெடுநாளையக் கவலை.

இக்கவலையைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்துள்ளன. 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பட்டது. திருமதி கமலாதேவி சட்டோபாத்தியாய அதன் தலைவராக இருந்து, கைவினைப் பொருள்களை நகரத்து மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். அவ்வாரியம் 2020-இல் கலைக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1973-இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டுப் 'பூம்புகார்' விற்பனை நிலையங்களை நடத்தி வருகிறது. இவற்றோடு கண்காட்சிகளும் வியாபாரிகளுமே கைவினைஞரின் சந்தையாக இருந்து வந்தனர். 2020-இல் கொரோனா நோய்ப் பரவலால் கண்காட்சிகள் நின்றபோது, கைவினைஞர் பலர் கைபேசியின் வழியே விற்க முற்பட்டனர்.

அம்முயற்சியைத் தொடர்ந்து புதிய தொழில் ஒன்றும் பெருகியிருக்கிறது. "உங்கள் கலையை இணையத்தில் விற்க நாங்கள் கற்றுத் தருகிறோம்" என்று கூறிக் கட்டணம் பெறும் பயிற்சித் தொழிலே அது. அக்கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை இருக்கிறது. நகையை அடகு வைத்தாவது இதில் சேரலாமா என்று எண்ணும் கைவினைஞர்களுக்கு நாம் என்ன சொல்வது? தொடக்கத்தில் பெருங்கட்டணம் எதுவும் வேண்டாம். அடிப்படைப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். பிறகு குறிப்பிட்ட ஒரு தடை நேர்ந்தால், அதை நீக்குவதற்கு மட்டும் பணம் கொடுக்கலாம் என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

பயிற்சி நடைபெறும் முறை

இத்தகைய பயிற்சிகளுள் பல, ஒரே முறையில் நடைபெறுகின்றன. முதலில் இலவசமாகவோ 99 ரூபாய் போன்ற சிறு தொகைக்கோ அறிமுக வகுப்பு ஒன்று நடத்தப்படும். அதில் விற்பனையின் அவசியமும், மாதம் இலட்சக்கணக்கில் ஈட்டுவோரின் கதைகளும் சொல்லப்படும். வகுப்பு முடியும் தறுவாயில் முழுப் பயிற்சிக்கான கட்டணம் அறிவிக்கப்படும். இன்றிரவுக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்று அவசரமும் ஊட்டப்படும்.

இங்கே கைவினைஞர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பயிற்சி தருபவருடைய வருவாய் எங்கிருந்து வருகிறது என்பது. அவர் ஓவியம் விற்றுப் பொருள் ஈட்டியவரா, ஓவியம் விற்பது எப்படி என்று சொல்லி ஈட்டியவரா என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவது, வெற்றி பெற்றவர் நால்வரை மட்டும் காட்டினால் போதாது. சேர்ந்தவர் எத்தனை பேர், அவருள் எத்தனை பேருக்கு விற்பனை கூடிற்று என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவது, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் முதலிய தளங்களில் விளம்பரம் செய்வதற்கு அத்தளங்களுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பயிற்சிக் கட்டணத்தில் அது அடங்குவதில்லை.

பயிற்சி தருவோர் அனைவரையும் நாம் குறை கூற வரவில்லை. பொறுமையோடு கற்பிக்கும் நல்லாசிரியர்கள் அவர்களிடையே உண்டு. ஆயினும் நல்லாசிரியர் நடத்தும் பாடமும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்திவிடாது.

கைவினைக்குப் பொருந்துமா?

பொதுவான விற்பனைப் பயிற்சியின் நோக்கம், நிறையப் பேரை ஈர்த்து நிறையப் பொருள்களை விற்பதாகும். ஆலையில் ஒரே அச்சில் ஆயிரம் செய்யப்படும் பொருளுக்கு அது ஏற்றது. சுவாமிமலை ஸ்தபதியின் தொழில் அவ்வகைப்பட்டதன்று. அவர் மெழுகில் உருவம் சமைத்து, அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார். படிமத்தை எடுக்க மண் கருவை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு கருவிலிருந்து ஒரு படிமமே கிடைக்கும். அதன் பின் செதுக்கிச் சீர் செய்யும் வேலை பல நாள் நீடிக்கும். இத்தகையவருக்கு ஒரே வாரத்தில் இருநூறு பேர் விலை கேட்டு எழுதினால் பதில் எழுதுவதற்கே நேரம் போய்விடும்; உளி ஓடாது.

பத்தமடைப் பாயும் அப்படியே. தாமிரவருணிக் கரையின் கோரையை நனைத்து, மிக மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக இட்டு நெய்யும் நயமான பாய் ஒன்று முடிவதற்குப் பல நாள் ஆகும். இவ்விருவருக்கும் வேண்டியவர்கள், பொருளின் அருமை அறிந்து உரிய விலை கொடுக்கும் சில வாடிக்கைக்காரர்கள். அவர்கள் மறுமுறையும் வாங்க வேண்டும். பிறருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மேலும் கைவினைக்கே உரிய சில நுட்பங்களைப் பொதுப் பயிற்சியாளர் அறிந்திருப்பது அரிது. ஒரு வெண்கலச் சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, அது பழம்பொருள் அன்று என்ற தொல்லியல் துறையின் சான்றிதழ் கேட்கப்படுவதுண்டு. தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு அனுப்பினால் வழியில் உடையாமல் கட்டத் தெரிய வேண்டும். விற்பனை கைகூடுவதும் கெடுவதும் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

கணக்குப் பார்ப்போம்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். மிஞ்சாது என்பதற்காகவே கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது. உதாரணமாக ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் எண்களை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஓவியத்தின் விலை 8,000 ரூபாய் என்க. பலகை, துணி, தங்கத் தகடு, கற்கள், சட்டம் ஆகியவற்றுக்கு 3,500 ரூபாய். கட்டி அனுப்ப 600 ரூபாய். விற்பனைத் தளத்தின் கழிவு முதலியவற்றுக்கு 900 ரூபாய். மிஞ்சுவது 3,000 ரூபாய். ஓவியம் வரைய ஆறு நாள் ஆகுமெனில், நாளொன்றுக்குக் கிடைக்கும் கூலி 500 ரூபாயாகும்.

இப்போது பயிற்சிக் கட்டணம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிச் சேவைக்கு உரிய 18 சதவீத வரி சேர்ந்தால் 29,500 ரூபாய். இது ஏறக்குறையப் பத்து ஓவியங்களின் கூலி; அறுபது நாள் உழைப்பு. போட்ட பணம் மட்டும் திரும்புவதற்கே, வழக்கமாக விற்பதற்கு மேல் இன்னும் பத்து ஓவியங்களை வரைந்து விற்று, அவற்றின் கூலியில் ஒரு காசும் வீட்டுக்கு எடுக்காமல் இருக்க வேண்டும். கட்டணத்தைக் கடன் வாங்கிச் செலுத்தியிருந்தால் வட்டியும் சேரும்.

அதே கணக்கை மற்றொரு வழியிலும் பார்க்கலாம். நல்ல படமும் தெளிவான விவரமும் தந்து அதே ஓவியத்தை 9,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால், தளத்தின் கழிவு போக ஏறத்தாழ 900 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும். கூலி 3,000 ரூபாயிலிருந்து 3,900 ரூபாயாகிறது. கூடுதலாக ஒரு நாளும் உழைக்க வேண்டியதில்லை. அளவோடு செய்யும் கைவினைஞருக்கு எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட விலையைக் காப்பதே அதிக நன்மை தரும் என்பது இதனால் விளங்கும்.

கட்டணமின்றிக் கற்கக் கூடியவை

விலையைக் காக்க உதவும் பாடங்கள் மிகச் சிலவே. அவற்றை வீட்டிலேயே பழகலாம்.

முதலாவது, படம் எடுத்தல். நேர் வெயிலும் கைபேசியின் மின்னொளியும் தங்கத் தகட்டில் பட்டால் கண்ணைக் கூசும் வெண்புள்ளிகளே படத்தில் தெரியும். ஆதலின் காலையில் அல்லது மாலையில், வாசற்படி அருகே நிழலில், வெறும் துணியின் முன் பொருளை வைத்துப் படம் எடுக்க வேண்டும். முழுத் தோற்றம் ஒன்று, பக்கத் தோற்றம் ஒன்று, வேலைப்பாட்டின் அருகு தோற்றம் ஒன்று, அளவு புரியும்படி கையில் பிடித்தவாறு ஒன்று என நான்கு படங்கள் போதும். பாயின் இழை நயம் விளங்க ஒரு நாணயத்தை அதன் மேல் வைத்து எடுக்கலாம்.

இரண்டாவது, விவரம் எழுதுதல். நீளம், அகலம், எடை, பயன்பட்ட பொருள்கள், செய்ய ஆகும் நாள்கள், விலை, அனுப்பும் செலவு ஆகியவற்றை மறைவின்றி எழுத வேண்டும். வாங்குவோர் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்து, அவற்றுக்கான பதில்களையும் விவரத்தில் சேர்த்துவிட வேண்டும். செய்யும் முறையைச் சிறிது காட்டினால் விலையின் நியாயம் தானே விளங்கும்.

மூன்றாவது, வாடிக்கைக்காரர் பட்டியல். முன்பு வாங்கியவர்களின் பெயர், வாங்கிய பொருள், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சிறு தொழிலினருக்கென 2018-இல் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கக் கட்டணம் இல்லை. பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் முன்பாகப் பழைய வாடிக்கைக்காரர்களுக்குச் செய்தி அனுப்புவதே சிறந்த விளம்பரமாகும். ஆனால் விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

நான்காவது, சொன்ன சொல் தவறாமை. கேட்டவருக்கு ஒரு நாளைக்குள் பதில், குறித்த நாளில் அனுப்புதல், உடைந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சொல்லுதல் ஆகிய மூன்றும் இருந்தால், எந்த விளம்பரமும் தராத நம்பிக்கை வளரும்.

இவற்றுள் கைபேசி வேலையை வீட்டில் படிக்கும் மகனோ மகளோ சில நாள்களில் கற்றுக்கொள்வார்கள். யூடியூப் முதலிய தளங்களில் இப்பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன.

பொது நிறுவனங்களின் உதவி

பணம் கொடுத்துத் தனியாரிடம் செல்லுமுன், ஏற்கெனவே உள்ள வசதிகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கிராமத்து இளைஞர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து இலவசப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இணைய வணிகம் குறித்த குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. எங்கே எப்போது பயிற்சி நடக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞருக்கு அடையாள அட்டை வழங்குகிறது. கண்காட்சிகளில் இடம் பெற இது துணை செய்யும். ஜவுளி அமைச்சகம் 2023-இல் தொடங்கிய 'இந்தியாஹேண்ட்மேட்' என்ற இணையக் கடை, நெசவாளரும் கைவினைஞரும் கழிவின்றி நேரடியாக விற்பதற்காக ஏற்பட்டது. வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர்க்கென அஞ்சல் துறை 2022-இல் ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது.

தஞ்சாவூர் ஓவியம், பத்தமடைப் பாய், சுவாமிமலைப் படிமம் முதலியவை புவிசார் குறியீடு பெற்றவை. அக்குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர், உரிமை பெற்ற பயனராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020-இல் விதிகள் திருத்தப்பட்டபோது அதற்கான விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. போலிப் பொருள்கள் மலிந்த இணையச் சந்தையில், இது உண்மையான பொருள் என்று காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

கடன் பெறுவதானாலும் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் பெறுவதே நன்று. தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம், 25 வகைத் தொழில்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதமாக 50,000 ரூபாய் வரை மானியமும் வழங்க வகை செய்தது. கருவி வீட்டில் இருக்கும், பயன்படும். தேவையற்ற பயிற்சிக்குச் சென்ற பணம் திரும்ப வராது.

பணம் கொடுக்கத் தக்க சமயங்கள்

எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்பதும் சரியன்று. உளி பிடிக்க வேண்டிய கை கைபேசியிலேயே கிடந்தால் தொழில் கெடும். ஓராண்டுக் காலம் இணையத்தில் விற்றுப் பழகியவருக்கு, தம் தடை எது என்று தெளிவாகத் தெரியும். பார்ப்பவர் பலர் இருந்தும் வாங்குபவர் இல்லையா? வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள், ஆனால் விலை குறிக்கத் தெரியவில்லையா? வரிப் பதிவில் ஐயமா? இத்தகைய ஒரு கேள்விக்கு விடை பெற, அத்துறை அறிந்தவருக்கு ஒரு நாள் கட்டணம் கொடுப்பது நல்ல செலவே. வரியை எடுத்துக்கொண்டால், வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர் பதிவின்றியே தம் மாநிலத்துக்குள் இணையத் தளங்களின் வழியே விற்க 2023 அக்டோபர் 1 முதல் இடம் தரப்பட்டது. வேறு மாநிலங்களுக்கும் அத்தளங்களின் வழியே விற்பதானால் நிலைமை வேறு. இதைக் கணக்கரிடம் கேட்டுத் தெளிவதற்குச் சிறு தொகையே ஆகும்.

அதுபோலவே, முடிக்கப்பட்ட வேலைக்குக் கூலி கொடுப்பதும் தக்கது. முப்பது ஓவியங்களுக்குப் படம் எடுத்துத் தருபவருக்கும், ஆங்கிலத்தில் விவரம் எழுதித் தருபவருக்கும், உடையாத பெட்டி செய்து தருபவருக்கும் கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கண்ணால் காணத்தக்க பயன் கையில் இருக்கும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

இவ்வளவுக்குப் பின்னும் பயிற்சி ஒன்றில் சேர விரும்புவோர், பணம் செலுத்துமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற வேண்டும்.

1. நீங்கள் என் தொழிலைச் சேர்ந்த எவருக்குக் கற்பித்தீர்கள்? அவரோடு நான் பேசலாமா?

2. பாடங்கள் எவை, எத்தனை மணி நேரம், எந்த மொழியில்? நேரில் கேள்வி கேட்க முடியுமா, முன்பே பதிவு செய்த பாடம் மட்டுமா?

3. கட்டணம் வரியோடு எவ்வளவு? விளம்பரத்துக்கும் மென்பொருளுக்கும் தனியே எவ்வளவு ஆகும்?

4. பிடிக்கவில்லையெனில் எத்தனை நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம்?

5. பற்றுச்சீட்டும், நிறுவனத்தின் முகவரியும் வரிப் பதிவு எண்ணும் தருவீர்களா?

இவற்றுக்கு விடை தரத் தயங்குவோரிடம் சேர வேண்டாம். இத்தனை ரூபாய் வருமானம் உறுதி என்போரிடமும் சேர வேண்டாம்; விற்பனையை எவரும் உறுதி சொல்ல முடியாது. இன்றே சேர் என்று அவசரப்படுத்தினால், ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்பதே தக்க விடை. ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. சொன்னபடி பயிற்சி நடவாமல் ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். இணைய வழியில் பணமே மோசடியாகப் பறிக்கப்பட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஊர் கூடிச் செய்யத் தக்கது

ஒருவருக்குப் பெருஞ்செலவாவது பத்துப் பேருக்குச் சிறு செலவாகும். ஒரே தொழில் செய்யும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, நமக்கு எது தெரியவில்லை என்று முதலில் பட்டியல் இட்டு, அதைக் கற்பிக்கத் தகுந்த ஒருவரை ஊருக்கே இரண்டு நாள் அழைக்கலாம். பாடத்தை நாமே வகுக்கலாம்; கட்டணத்தைப் பங்கிடலாம். படம் எடுக்க நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையும் எடை பார்க்கும் கருவியும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் தேர்ச்சி பெற்ற இளைஞர் ஒருவர் பத்துக் குடும்பங்களின் விற்பனைக் கணக்கையும் கவனித்து, விற்றதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறலாம். பொருள் விற்றால்தான் அவருக்கு வருமானம் என்பதால் அவரும் முயற்சியோடு உழைப்பார். மகளிர் சுய உதவிக் குழுக்களும் கைத்தொழில் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு முன்னிற்பது பொருத்தமாகும்.

இணையச் சந்தையின் நடைமுறை ஆண்டுதோறும் மாறக் கூடியது. இன்று கற்ற உபாயம் நாளை பயன்படாமற் போகலாம். பொருளின் தரம், நியாய விலை, நாணயம் ஆகியவை என்றும் பயன்படுபவை. அவை கைவினைஞரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பிறர் அறியச் செய்யும் எளிய வேலையை இந்த மாதமே தொடங்கலாம். நான்கு படங்கள், ஒரு தெளிவான விவரம், பழைய வாடிக்கைக்காரர் பத்துப் பேருக்குச் செய்தி என்று முதலில் தொடங்குக. ஆறு மாதம் செய்து பார்த்து, கிடைத்த அனுபவத்தைக் கொண்டு மேற்கொண்டு பணம் செலவிடலாமா என்று முடிவு செய்க.